ராசாத்தி சித்தியை அனுப்பச் சொன்னாயே

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு, “சரி, பார்ப்போம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நாலு நாளாக எனக்கு எந்தச் சோலியும் ஓடவில்லை. திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன், வைத்தேன். நீ நடுவில் “சரிம்மா, சரிம்மா” என்பாய், எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், சொல்ல வந்தது ஒன்று, சொல்லி முடித்தது வேறொன்று என்று ஆகிவிடும். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். “இப்ப எதுக்குடி அதையெல்லாம் கிளறிக்கிட்டு?” என்றார். கிளறாமல் மூடி வைத்ததால்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்றேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

நீ கேட்டதில் தப்பில்லை. கவிதாவுக்கு எட்டாம் மாதம். அடுத்த மாதம் போடியில் நம் வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் அவள் அம்மா வீட்டார் அவளைக் கம்பத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். பிரசவம் ஆகிப் பிள்ளையோடு கோயம்புத்தூருக்கு வந்தால், நீங்கள் இரண்டு பேரும் ஆபீசுக்குப் போகிறவர்கள். வீட்டில் ஆள் வேண்டும், நம்பின ஆளாக வேண்டும். “ராசாத்தி சித்திய அனுப்பி வைம்மா. என்னைய வளத்த கை. சித்திக்கும் ஒரு மாறுதலா இருக்கும்” என்றாய். நான், “அவகிட்ட கேட்டுச் சொல்றேன்பா” என்றேன். நீ சிரித்தாய். “அதுகிட்டக் கேக்க என்னம்மா இருக்கு? நீ சொன்னா பையத் தூக்கிட்டு வந்துரும்” என்றாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதிலேயே நிற்கிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த மாதிரிப் பேச நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டு அடுப்படியில்தான், என் வாயிலிருந்துதான்.

ராசாத்தி நம் வீட்டுக்கு வந்தபோது நீ மூன்று வயதுப் பிள்ளை. அவளுக்கு இருபத்திரண்டு இருக்கும். குரங்கணிக்கு மேலே நம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த காளியம்மாவின் மகள். பிறக்கும்போது வலி கண்டு, ஜீப்புக்கு வழியில்லாத இடத்திலிருந்து காளியம்மாவைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். நடுக்காட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. வெகுநேரம் அழவே இல்லையாம். அதனால்தான் புத்தி நின்றுபோனது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம். காய் எடுக்கப் போகிற நேரத்தில் காளியம்மா மகளைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். திறந்து விட்டால் மஞ்சு மூட்டத்துக்குள் நடந்துகொண்டே போய்விடுவாள், வழி தெரியாது. ஒரு நாள் உன் அப்பா ஜீப்பில் மேலே போனபோது காளியம்மா வந்து நின்றிருக்கிறாள். “ஐயா, பூட்டிப் பூட்டி என் கை ஓஞ்சு போச்சு. கூட மாட சோலி பாப்பா, நல்ல புள்ள. அம்மாட்ட சொல்லி வச்சுக்கங்க” என்றிருக்கிறாள். உன் அப்பாவுக்கு மறுக்கத் தெரியாது. அன்றைக்கு மத்தியானம் ஏலக்காய் மூட்டையோடு மூட்டையாக அவளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “ஏற்கெனவே ஒண்ண வச்சு அல்லாடுறேன், இப்ப ரெண்டா?” என்று ராசாத்தி காதுபடவே கத்தினேன். அவள் ஒரு துணிப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, நம் வீட்டு வாசல் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளிடம் எப்படி வேலை வாங்குவது என்று எனக்குத் தெரிய நாலு வருஷம் ஆனது. அவளுக்கு வேலை தெரியவில்லை என்றுதான் அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. “பால அடுப்புல வச்சுட்டு, மாடித் துணிய எடுத்துட்டு, வரும்போது அந்தச் சுளகக் கொண்டா” என்பேன், ஒரே மூச்சில். அவள் அடுப்படி நடுவில் மரம் மாதிரி நின்றுவிடுவாள். “எது, எது?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு தடவைக்கு ஒரு வேலை, அது முடிந்ததும் அடுத்தது என்று சொன்னால் போதும், அந்த வேலையில் நீ ஒரு குறை காண முடியாது. பாத்திரத்துக்கு இடம் மாற்றக்கூடாது. உப்பு ஜாடி இருக்கிற இடத்தில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு சமைப்பாள். ஆறு வயதில் நீ ஒரு நாள் விளையாட்டுக்கு அந்த ஜாடியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? அரை நாள் அழுதாள். நீயே பயந்துபோய் எடுத்து வந்து கொடுத்தாய். அதோடு விட்டாயா, மறுநாள் சர்க்கரை டப்பா.

ஏலக்காய் பொறுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தோட்டத்துக் காய் சாம்பிளுக்காக வீட்டுக்கு வரும்போது, சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். வெடித்த காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம், நல்ல பச்சை ஒரு பக்கம். கோடவுனில் வருஷக்கணக்காகப் பொறுக்குகிற பெண்களின் சுளகில்கூட ஒன்றிரண்டு கலந்திருக்கும், அவள் சுளகில் இருக்காது. உன் அப்பா ஒரு நாள், “இவள கோடவுனுக்கு அனுப்பலாம்டி, பத்துப் பேரோட உக்காந்து நாலு வார்த்தை பேசிச் சிரிச்சுட்டு வருவா” என்றார். நான், “அப்ப வீட்டுச் சோலிய யாரு பாக்குறது?” என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது. அவளுக்கு அந்த வேலை பிடிக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அவள் வந்த இரண்டாம் வருஷம் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வீடு முழுக்கப் பரவிவிட்டது. நீ உள்ளறையில் படுத்திருந்தாய். நான் ஓடிப்போய் மூடிவிட்டு வந்து அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். விரல் பதிந்துவிட்டது. அவள் அழவில்லை. மறுநாள் காலையில் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். “அம்மா, பாலு வைக்கட்டா? அடிப்பீகளா?” என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, தம்பி. அவளுக்குக் குத்திக் காட்டத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். பல மாதம் தினமும் காலையில் இதையே கேட்டாள். தினமும் காலையில் நான், “அடிக்க மாட்டேன், வை” என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் அவள் மேல் கை வைக்கவில்லை.

சித்தி கதைக்கு வருகிறேன். அவள் உனக்கு எப்படிச் சித்தியானாள் என்று நீ என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? ஒரு கல்யாண வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு பந்திக்கு வெளியே நின்றாள். ஒரு டீச்சரம்மா என்னிடம் வந்து, “பாவம், இப்படி ஒரு புள்ளைய வேலைக்கு வச்சிருக்கீங்களே, இது நியாயமா?” என்று நாலு பேர் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டார். எனக்கு முகம் செத்துப்போனது. எங்கிருந்து வந்ததோ, “வேலைக்கா? அய்யய்ய, எங்க சின்னம்மா மகளுங்க. எனக்குத் தங்கச்சி முறை. வீட்டோட வச்சுப் பாத்துக்கிறேன்” என்று அடித்து விட்டேன். டீச்சரம்மா உருகிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைக் கேட்டுக்கொண்டு இவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வருகிற வழியிலேயே, “அக்கா, பையக் கொண்டாங்க, நான் தூக்குறேன்” என்றாள். அதுவரை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் திருத்தியிருக்க வேண்டும். இல்லை, சொன்ன சொல்லுக்குத் தக்கபடி நடந்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

உன் அப்பா அன்றிலிருந்து மச்சான் ஆனார். “மச்சான், சாப்புட வாங்க, ஆறிப் போகுது” என்று அவள் கூப்பிடும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், என்னிடம் அப்படிச் சிரித்து நாளாகிறது. காய்கறி வண்டிக்காரர், ரேஷன் கடைக்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன் எல்லாரிடமும், “நான் இவுகளுக்குச் சொந்தம். எங்க அக்கா வீடு” என்பாள். உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போது உன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “எங்க அக்கா மகன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள் என்று வாட்ச்மேன் சொல்லிச் சிரிப்பார். காளியம்மா கண்ணை மூடின பிறகு, தேவாரத்தில் இருக்கிற அவள் அண்ணன் எட்டியும் பார்க்கவில்லை. அப்போதும் அவள், “எனக்கு அக்கா இருக்காக” என்றுதான் சொன்னாள். ஊரில் எனக்கு நல்ல பெயர். புத்தி சரியில்லாத தங்கையை வைத்துத் தாங்குகிறாள் என்று. அந்தப் பெயரை நான் பட்டுப்புடவை மாதிரி கட்டிக்கொண்டு திரிந்தேன். மாதச் சம்பளம் என்று ஒன்றை அவள் கையில் கொடுத்ததில்லை. சொந்தத்துக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? ஆனால் சொந்தக்காரியாக இருந்தால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும், தலைவலி என்றால் படுக்க வேண்டும், ஒரு நகையோ நட்டோ போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதெல்லாம் எனக்கு அவள் வேலைக்காரியாகிவிடுவாள். சொந்தத்தில் எனக்கு வசதியான பாதி, வேலையில் எனக்கு வசதியான பாதி, இப்படிப் பிய்த்து எடுத்துக்கொண்டேன்.

பிறகு உனக்குக் கம்பத்துச் சம்பந்தம் வந்தது. ஜாதகம் பொருந்தி, உனக்கும் கவிதாவைப் பிடித்து, எல்லாம் கூடி வந்த நேரம். ராசாத்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “எங்க மகனுக்குப் பொண்ணு பாத்தாச்சு. பரிசம் போட நானும் தட்டு எடுப்பேன்” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். என் பழைய பச்சைப் பட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் சொன்னது எப்படியோ கம்பம் வரைக்கும் போயிருக்கிறது. நம் வீடு பார்க்க வந்தவர்களில் கவிதாவின் அத்தை இருந்தாரே, உயரமாக, கண்ணாடி போட்டவர், அவர்தான் கேட்டார். நீ அன்றைக்குக் கோயம்புத்தூரில் இருந்தாய். அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்திருந்தோம். ராசாத்தி காபித் தட்டோடு வந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். சிந்தாமல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், சொந்தக்காரி நிற்கிற மாதிரி.

“மதினி, தப்பா எடுத்துக்கிறாதீக. பொண்ணக் குடுக்குறவுக கேக்கணும்ல. இது உங்க சின்னம்மா மகளாமே? பொறவியிலேயே இப்படியா? உங்க வம்சத்துல வேற யாருக்காச்சும் இருக்கா?” என்றார் அந்த அத்தை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன். உன் அப்பா தரையைப் பார்த்தார். கைக்கு வந்த சம்பந்தம் போய்விடுமோ என்று ஒரு பயம், அவ்வளவுதான் எனக்கு அப்போது தெரிந்தது. “ஆத்தாடி, சொந்தமெல்லாம் இல்லைங்க! தோட்டத்துல காய் எடுத்தவ மக. வீட்டு வேலைக்கு வச்சிருக்கோம். சும்மா வாய்க்கு அக்கான்னு கூப்புடுவா, நாங்களும் விட்டுட்டோம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் திரும்பி, “ஏ ராசாத்தி, நீயே சொல்லு. நீ இந்த வீட்டுக்கு யாரு?” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் எதைக் கேட்டாலும் அப்படித்தான் பார்ப்பாள், சரியான பதில் என் முகத்தில் எழுதியிருக்கிற மாதிரி. அன்றைக்கு என் முகத்தில் அது நன்றாகவே எழுதியிருந்தது போல. “வேலைக்காரி” என்றாள். சொல்லிவிட்டு, சரியா என்று கேட்கிற மாதிரி நின்றாள். நான் தலையை ஆட்டினேன், தம்பி. பாவி, தலையை ஆட்டினேன். அவள் காலித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த அத்தை நிம்மதியாக வெற்றிலையை எடுத்தார். அன்றைக்கே பரிசத்துக்கு நாள் குறித்தோம்.

நான் அன்றைக்குச் சொன்னது பொய் இல்லை என்பதைத்தான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். ரத்த சொந்தமா? இல்லை. தோட்டத்தில் காய் எடுத்தவள் மகளா? ஆமாம். கல்யாண வீட்டில் டீச்சரம்மாவிடம் சொன்னதுதான் பொய். ஆனால் அந்தப் பொய்யை அவள் இருபது வருஷத்துக்கு மேல் உண்மையாகவே நடத்திக் காட்டிவிட்டாள். உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி தேடிக் காலில் முள் குத்திக்கொண்டு வந்தவள் அவள்தான். உன் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் உப்பில்லாக் கஞ்சியைத் தானும் குடித்தாள். “மச்சான் குடிக்கிறாகல்ல” என்றாள். எந்தத் தங்கச்சி செய்வாள்? எனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி மதுரையில் இருக்கிறாள், போன் பண்ணி விசாரித்தாள்.

உன் கல்யாணத்துக்கு அவள் ஏன் வரவில்லை என்று நீ மணமேடையில் வைத்தே என்னைக் கேட்டாய். காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. காய் எடுக்கிற ஆட்களுக்குச் சமைக்க ஆளில்லை என்று சொல்லி, ஒரு வாரத்துக்கு முன்பே அவளைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம். கல்யாணத்தில் அவள் வாயைத் திறந்து, “நான் மாப்பிள்ளைக்குச் சித்தி” என்று கம்பத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். காலையில் குரங்கணிக்குப் போகிற ஜீப்பில் வேலைக்காரப் பெண்களோடு ஏற்றிவிட்டேன். பச்சைப் பட்டு வைத்திருந்த பையையும் கையில் எடுத்திருந்தாள். “அது எதுக்கு அங்க?” என்று வாங்கி உள்ளே வைத்தேன். கேட்டதும் கொடுத்துவிட்டாள். கல்யாணத்தன்று தோட்டத்தில் சமைத்துப் போட்டுவிட்டு, ஏலக்காய் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து கீழே போடி இருக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். தோட்டத்துக் கங்காணி பிறகு ஒரு நாள் சொன்னார். “என்ன ராசாத்தி பாக்குறன்னு கேட்டேங்க. மேளச் சத்தம் கேக்குதான்னு பாக்குறேங்குது” என்றார். குரங்கணி மலைக்கு மேளச் சத்தம் கேட்குமா?

திரும்பி வந்தவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். உன் அப்பாவை ஐயா என்று கூப்பிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கோபமா என்றால் அதுவும் இல்லை, முன்னைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்தாள். சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்கிறவள்தானே. நீ தீபாவளிக்குக் கவிதாவோடு வந்தபோது, “சின்னய்யா வந்துட்டாக” என்றாள். நீ, “என்ன சித்தி, புதுசா ஐயா கொய்யான்னுக்கிட்டு?” என்று கேலி பண்ணிவிட்டு உள்ளே போனாய். அத்தோடு மறந்தும்விட்டாய். நீ சித்தி என்கிறாய், கவிதாவுக்கு அவள் அத்தை சொன்னது வேலைக்காரி என்று. உங்கள் வீட்டுக்கு ராசாத்தி வந்தால் ஒரே ஆளை ஒருவர் இப்படியும் ஒருவர் அப்படியும் நடத்துவீர்கள். நடுவில் நின்று, “எது, எது?” என்று அவள்தான் முழிப்பாள். போன மாதம் உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, “அவ என்னைய மச்சான்னு கூப்புட்டு எம்புட்டு நாளாச்சு பாத்தியா” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அந்த அத்தை நம் வம்சத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாரே, அவருக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ராசாத்திக்கு வந்தது காட்டு வழியில் வந்தது, வம்சத்தில் வந்ததில்லை. நம் வம்சத்தில் வருகிறது வேறே. “அதுகிட்டக் கேக்க என்ன இருக்கு” என்று நானும் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நீயும் சொன்னாய். இனி உனக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது. அதுவும் உன் வாயைப் பார்த்துக்கொண்டுதான் வளரும்.

அவளை வேலைக்கு வைக்காதே என்று நான் சொல்ல வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வேலை அவளுக்கு வேண்டும். சும்மா உட்கார வைத்தால் வாடிப்போவாள். அவள் கையில் பிள்ளை பத்திரமாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மருந்து அளந்து கொடுக்கச் சொல்லாதே, அவளுக்கு அது வராது. கேட்டால் அவளே, “எனக்கு அது தெரியாது” என்பாள், வெட்கப்படாமல் சொல்வாள். தெரியாததைச் செய்யச் சொல்லிவிட்டு நாம்தான் அப்புறம் கத்துவோம். வேலைக்கு என்று வைத்தால் வேலையென்று வை. மாதம் பிறந்தால் அவள் கையில் சம்பளம், வாரத்தில் ஒரு நாள் அவளுடைய நாள், முடியவில்லை என்றால் படுக்க ஓர் இடம். சித்தி என்று வைத்தால் கவிதாவின் அம்மா வந்து உட்காருகிற சோபாவில் அவளும் உட்காரட்டும். சித்தியும் வேண்டும், சம்பளமும் வேண்டும் என்று இரண்டையும் கொடுத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். நான் செய்த மாதிரி மட்டும் செய்யாதே. எல்லாவற்றுக்கும் முன்னால் அவளிடம் கேட்க வேண்டும்.

நேற்றுக் காலையில் கேட்டேன். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. பின்வாசலில் அவள் பக்கத்தில், தரையில்தான் உட்கார்ந்தேன். முட்டி வலி, இறங்கி உட்காரவே பெரும்பாடு. அவள் பதறிப்போய், “அம்மா, பலகை கொண்டாரட்டா?” என்றாள். வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். தம்பி வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது. அங்கே ஆள் வேண்டும். உன்னைக் கேட்கிறான். நீ போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்தக் கடைசிதான் அவளுக்குப் புரியவில்லை. “போகாமயும் இருக்கலாமா?” என்று மூன்று தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு, அன்றைக்குக் கம்பத்துக்காரர்கள் முன்னால் நான் சொன்னது தப்பு ராசாத்தி, உன்னைச் சொல்ல வைத்தது அதைவிடப் பெரிய தப்பு என்றேன். அவளுக்கு அதுவும் புரியவில்லை. “நான் சரியாத்தானம்மா சொன்னேன்? நீங்க தலைய ஆட்டுனீக” என்றாள். என் முந்தானையை எடுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

இன்றைக்குக் காலையில், பாலை இறக்கி வைத்துவிட்டு அவளாகவே வந்தாள். ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறாள். கோயம்புத்தூர் பற்றி ஒன்றும் பேசவில்லை. “வளைகாப்புக்கு அவுக வருவாகல்ல, கண்ணாடி போட்டவுக. கேட்டா என்ன சொல்லணும்? இப்பவே சொல்லிருங்க, நான் பழகிக்கிறேன்” என்றாள். அவள் கேட்டதும், கோயம்புத்தூருக்கு அனுப்புகிறதைப் பற்றி நாம் பேசுவதற்கு முன்னால் இந்த வீட்டிலேயே முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. “எங்க அக்கா வீடுன்னு சொல்லு. நான் இவுக தங்கச்சின்னு சொல்லு. வளைகாப்புல என் பக்கத்துல நின்னு கவிதாவுக்கு வளையல் போடு” என்றேன். நீயும் அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவளைச் சித்தி என்று கூப்பிட வேண்டும். கவிதாவிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வா. அவர்கள் வீட்டில் யாராவது முகம் சுளித்தால், சுளித்துவிட்டுப் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களோடு வருகிறாளா இல்லையா என்று அதற்குப் பிறகு அவளே உன்னிடம் சொல்வாள்.

நான் சொன்னதைக் கேட்டு அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் வாய்க்குள்ளேயே இரண்டு தடவை, “அக்கா வீடு, அக்கா வீடு” என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, மறுபடி தப்பாகிவிடக் கூடாதே என்கிற கவலையோடு கேட்டாள்:

“அவுக வந்து உக்காந்த பெறகு மறுபடியும் மாத்திச் சொல்லணுமா?”

அம்மா